எழுத்துப் பிழை தலையெழுத்தாகுமா?

சட்டக் கல்லூரிகளிற் பயிலும் தமிழ் மாணவரிடையே அண்மை ஆண்டுகளில் ஒரு புதுவகை அச்சம் பரவியுள்ளது. அது தேர்வைப் பற்றிய அச்சமன்று. மன்றத்தில் எழுந்து நின்று வழக்குரைப்பதைப் பற்றிய அச்சமுமன்று. மும்பை, தில்லி, பெங்களூர், சென்னை ஆகிய நகரங்களில் இயங்கும் பெரிய சட்ட நிறுவனங்களில் நான்கு கிழமைப் பணிப்பயிற்சி வேண்டி விடுக்கும் மடலில் ஏதேனும் ஒரு பிழை நேர்ந்துவிடுமோ என்னும் நடுக்கம்; நேர்ந்துவிட்டால் வாழ்வே போயிற்றென்னும் மனமுடைவு. மடலை விடுத்த மறுநொடியிலேதான் பிழை கண்ணிற்படும் என்பது எழுதுவார் அனைவரும் அறிந்த பொல்லாத உண்மை. அப்பிழையை நள்ளிரவு வரை பத்து முறை திறந்து திறந்து பார்த்து, நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டமைக்காகத் தன் ஐந்தாண்டுப் படிப்பையே பழித்துக் கொள்ளும் மாணவர் பலர். அதற்குமேல் எந்த நிறுவனத்திற்கும் எழுதுவதில்லை என்று ஒதுங்கிவிடுவோரும் உளர். இவ்வொதுக்கமே அஞ்சத்தக்கது, பிழையன்று.

பணிப்பயிற்சி என்பது மாணவன் தன் விருப்பால் மேற்கொள்ளும் அணிகலன் அன்று. சட்டப் படிப்பின் கட்டாய உறுப்பு. பார் கவுன்சில் எனப்படும் இந்திய வழக்கறிஞர் பெருமன்றம் 2008-இல் வகுத்த சட்டக்கல்வி நெறிமுறைகளின்படி, ஐந்தாண்டுப் படிப்பினர் 20 கிழமையும் மூன்றாண்டுப் படிப்பினர் 12 கிழமையும் பயிற்சி பெற்றாதல் வேண்டும். ஓராண்டில் தொடர்ச்சியாக நான்கு கிழமைக்கு மேற் போகலாகாது. படிப்புக் காலத்தில் ஒருமுறையேனும் விசாரணை மன்றத்திலும் மேன்முறையீட்டு மன்றத்திலும் வழக்காடும் வழக்கறிஞரிடம் பயின்றிருத்தல் வேண்டும். அந்நெறிமுறை பயிற்சிக்குரியனவாகச் சுட்டும் இடங்கள் பல. தொண்டு நிறுவனம், நடுவர் அலுவலகம், சட்டமன்றம், உள்ளாட்சி, வணிக நிறுவனம் என நீளும் அந்நிரலில் சட்ட நிறுவனம் ஒன்றே ஒன்று. ஆயினும் மாணவர் உள்ளத்தில் அவ்வொன்றே மற்றெல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. ஊதியம் மிகுந்த வேலை அங்கிருந்து கிடைப்பதே அதற்குக் கரணியம், அவ்விருப்பத்தில் குற்றமில்லை. கடன்பட்டுப் பிள்ளையைப் படிக்க வைத்த பெற்றோர்க்கு ஊதியம் சிறுபொருளன்று.

ஆனால் அவ்வாயிலுக்குச் செல்லும் வழி எல்லார்க்கும் ஒரே நீளமுடையதன்று. ‘நேசனல்’ என்னும் அடைமொழி பெற்ற சட்டப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவரே நடத்தும் பயிற்சிக் குழுக்கள் உண்டு. எந்த நிறுவனத்திற்கு எத்திங்களில் எழுதவேண்டும், யாருக்கு எழுதவேண்டும், எப்படி எழுதவேண்டும் என்பதெல்லாம் மூத்தோர் வாய்வழியே இளையோர்க்கு வந்துவிடும். பெரிய நிறுவனங்களில் இடங்கள் பல திங்கள் முன்னரே நிரம்பிவிடும் என்பதும் அங்குள்ளார்க்கு முதலாண்டிலேயே தெரியும். அரசு சட்டக் கல்லூரியில் பயிலும் உழவர் மகனுக்கோ கைத்தறியாளர் மகளுக்கோ அதைச் சொல்வார் அரியர். 1891-இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரி உயர்முறைமன்றத்தின் அருகிலேயே நின்றது. வகுப்பு முடிந்த மாணவன் சிறிது நடந்தால் வழக்காடு கூடத்துட் போய் அமரலாம். மூத்த வழக்கறிஞரின் எழுத்தரோடு பேச்சுக் கொடுக்கலாம். மடல் எழுதாமலே பயிற்சிக்கு இடம் பெறலாம். 2018-இல் அக்கல்லூரி பட்டறைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்குமாகப் பெயர்த்து வைக்கப்பட்டது. கட்டடம் புதிதாயிற்று; மன்றம் தொலைவாயிற்று. நேரிற் கண்டு பேசி முடித்ததை இன்று மடலால் முடிக்கவேண்டியுள்ளது. அம்மடலோ ஆங்கிலத்தில் எழுதப்படல் வேண்டும். பிழையின் சுமை யார் தலையில் மிகுதியாக ஏறுகின்றது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா.

இனி, நிறுவனங்கள் சிறுபிழையைப் பொருட்படுத்துவது வெறும் செருக்கென்று சொல்லிவிடலுமாகாது. வழக்கறிஞன் விற்கும் பொருள் சொல். அச்சொல்லில் ஓரெழுத்து மாறினும் பொருள் மாறும், பணம் மாறும், சிலபோது ஒரு நிறுவனமே மாயும். பிரித்தானியாவில் நிகழ்ந்த ஒன்று இதற்குச் சான்று. கார்டிபு நகரில் ‘தெயிலர் அண்டு சன்சு’ என்னும் பொறியியல் நிறுவனம் நூற்றாண்டு கடந்து நடந்துவந்தது. 250 பேர்க்கு மேல் அங்கு வேலை செய்தனர். 2009-இல் ‘தெயிலர் அண்டு சன்’ என்னும் வேறொரு நிறுவனத்தைக் கலைக்குமாறு ஆணை பிறந்தது. அரசின் நிறுவனப் பதிவகம் அவ்வாணையைச் ‘சன்சு’ என்னும் பெயரில் பதிந்துவிட்டது. ஈற்றில் ஓரெழுத்தே வேறுபாடு. சில நாள்களில் பதிவு திருத்தப்பட்டது. ஆயினும் அதற்குள் செய்தி கடன்மதிப்பு நிறுவனங்கட்குப் போய்விட்டது. சரக்குக் கொடுத்தோர் கை விரித்தனர்; நலமாக இருந்த நிறுவனம் இரண்டு திங்களுக்குள் நொடித்தது. 88 இலக்கம் பவுன் இழப்பென வழக்குத் தொடுக்கப்பட்டது. பதிவகமே பொறுப்பென்று 2015-இல் இலண்டன் உயர்முறைமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய உலகில் வேலை செய்யப் போகின்றவன், தான் பயில விரும்பும் நிறுவனத்தின் பெயரையே பிழைபட எழுதினால், அதைப் படிப்பவர் புருவம் நெரிப்பது இயற்கையே. எழுத்தைப் போற்றுக என்பது தமிழர்க்குப் புதுப்பாடமுமன்று. ஒற்று மிகுதலும் மிகாமையும் பொருளை எங்ஙனம் புரட்டும் என்று தொடக்கப் பள்ளியிலேயே கற்ற இனம் இது.

இதன் மறுபுறத்தையும் மாணவன் அறிந்திருத்தல் வேண்டும். 2008-இல் இலேமன் என்னும் அமெரிக்க வைப்பகம் வீழ்ந்தபோது, அதன் ஒரு பகுதியைப் பார்க்கிளேசு வைப்பகம் வாங்கிற்று. எந்தெந்த ஒப்பந்தங்களை வாங்குவது என்னும் பட்டியலை முறைமன்றத்திற் சேர்க்க அன்று நள்ளிரவே கெடு. ஏறத்தாழ ஆயிரம் வரிகொண்ட கணிப்பொறிப் பட்டியலை நியூயார்க்கின் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றின் முதலாண்டு வழக்கறிஞர் ஒருவர் வேறு வடிவுக்கு மாற்றினார். வேண்டாவென்று மறைத்து வைக்கப்பட்டிருந்த 179 ஒப்பந்தங்களும் மாற்றத்தின்போது வெளிப்பட்டுப் பட்டியலில் ஏறிக்கொண்டன. உலகின் தலைசிறந்த நிறுவனங்களுள் ஒன்று, தேர்ந்தெடுத்த அறிவாளர், இருந்தும் இப்பிழை. அந்நிறுவனம் என்ன செய்தது? பிழை தெரிந்தவுடன் தானே மன்றத்தின் முன் சென்று, நேர்ந்தது இதுவென்று எழுதிக் கொடுத்து, அவ்வொப்பந்தங்களை நீக்கித் தருமாறு வேண்டிற்று.

சட்டமே பிழைக்கு இடம் வகுத்துள்ளது. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 152-ஆம் பிரிவு என்று ஒன்றுண்டு. தீர்ப்பிலோ ஆணையிலோ நேர்ந்த எழுத்துப் பிழையையும் கணக்குப் பிழையையும் மன்றம் எப்போது வேண்டுமாயினும் திருத்தலாம் என்கின்றது அது. நடுவரின் கையும் சறுக்கும் என்று சட்டம் செய்தோர் எதிர்பார்த்தே எழுதிவைத்தனர். அதே சட்டத்தின் 6-ஆம் கட்டளை 17-ஆம் நெறி, வழக்குரையைத் திருத்திக்கொள்ள இருதரத்தார்க்கும் வழி செய்கின்றது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு ஒரு வரம்பு கட்டிற்று: விசாரணை தொடங்கியபின் திருத்த வருவோன், உரிய விழிப்போடிருந்தும் முன்னரே கூற இயலவில்லை என்பதைக் காட்டல் வேண்டும். விரைந்து வருவோனுக்குக் கதவு அகலத் திறந்திருக்கும். காலந்தாழ்த்தி வருவோனுக்கு ஒருக்களித்திருக்கும். இப்பிரிவுகளை மனப்பாடம் செய்து தேர்வில் ஒப்பிக்கும் மாணவன், தன் மடலிற் பிழை கண்டவுடன் மட்டும் சட்டத்தை மறந்து தலைவிதியை நினைப்பது வியப்பே!

பெரும்பான்மைப் பிழைகள் எங்கிருந்து பிறக்கின்றன என்று நோக்கல் வேண்டும். அறியாமையிலிருந்து பிறப்பன சிலவே. இரவற் சொல்லிலிருந்து பிறப்பனவே பல. எவனோ எழுதிய மடல் கைம்மாறிக் கைம்மாறி வருகின்றது. ‘தங்கள் பெருமைமிகு நிறுவனத்தின் பன்முகச் செயற்பாட்டால் பெரிதும் ஈர்க்கப்பட்டேன்’ என்னும் பொருள்பட அதில் ஓர் ஆங்கிலத் தொடர் இருக்கும். எழுதியவனுக்கே அதன் பொருள் விளங்கியதோ இல்லையோ தெரியாது. படியெடுத்தவனுக்கு விளங்கவேண்டிய தேவையுமில்லை. தன் உள்ளத்திற் பிறவாத தொடரைக் கண் மேய்ந்து செல்லுமேயன்றிப் படிக்காது. ஆதலின் அதற்குள் பழைய நிறுவனத்தின் பெயர் ஒளிந்திருப்பதும் தெரியாது. 2015-இல் இந்தியாவின் புகழ்வாய்ந்த நிறுவனம் ஒன்று உடன்பிறந்தார் இருவர்க்கிடையே பிரிந்து, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட சிரில் அமர்ச்சந்து மங்கள்தாசு, தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட சார்துல் அமர்ச்சந்து மங்கள்தாசு என இரண்டாயிற்று. பெயரில் முதற்சொல் ஒன்றே வேறு. இரண்டுக்கும் ஒரே மடலை அனுப்புவோன் முதற்சொல்லை மாற்ற மறந்தால், அண்ணன் வீட்டுக்குத் தம்பி பெயரில் ஓலை போனது போலாகும். இப்போது செயற்கையறிவுக் கணிநிரல் வேறு வந்து சேர்ந்துள்ளது. அது நொடியில் மடல் வரைந்து தரும். ‘இங்கே நிறுவனத்தின் பெயரை இடுக’ என்று சதுர அடைப்புக்குள் ஓர் இடமும் விட்டுத் தரும். அவ்வடைப்பை அவ்வாறே விட்டு மடலை அனுப்புவோரும் உளர்.

இதற்கு மருந்து எளிது. தான் ஏன் அங்குப் பயில விரும்புகின்றான், இதுவரை என்ன செய்துள்ளான், எந்நாள் முதல் எந்நாள் வரை வரமுடியும் என்னும் மூன்றையும் மாணவன் முதலில் தன் தாய்மொழியில் ஆறேழு வரியில் எழுதிப் பார்க்கட்டும். கருத்து உள்ளதா இல்லையா என்பது தமிழில் எழுதும்போது ஒளிக்க முடியாதபடி வெளிப்பட்டுவிடும். பிறகு அதனை எளிய ஆங்கிலத்தில், தனக்குப் பொருள் தெரிந்த சொற்களாலேயே, எழுதட்டும். தன் ஊர் மன்றத்தில் ஒரு நிலவழக்கை மூன்று நாள் உடனிருந்து கண்டதைச் சொல்லும் ஒரு வரி, ஈர்ப்பும் பெருமையும் நிரம்பிய ஒரு பக்கத்தினும் மேலானது. எழுதிய உடனே அனுப்பாமல் ஓரிரவு வைத்து, மறுநாள் தாளில் எடுத்து, வாய்விட்டுப் படித்தால் பாதிப் பிழை அங்கேயே உதிரும். வேறொருவர் படித்துப் பார்த்தால் மீதியிலும் பாதி உதிரும். பெறுநர் பெயரும் நிறுவனப் பெயரும் நாளும் இணைப்பும் தனியே சரிபார்க்கப்படல் வேண்டும். நிறுவனத்தின் பெயரை அதன் சொந்தப் பக்கத்திற் பார்த்தே எழுதவேண்டும். நாற்பது நிறுவனங்களின் முகவரியையும் ஒரே மின்மடலின் தலையில் வரிசையாக இட்டு அனுப்புவது பிழையினும் கொடிது. ஒவ்வொருவரும் தாம் நாற்பதின்மருள் ஒருவர் என்பதை அதிற் காண்பர்.

இத்தனைக்குப் பின்னும் பிழை நேரத்தான் செய்யும். நேர்ந்தபின் செய்வது என்ன? பிழைகளெல்லாம் ஒரு நிறையுடையன அல்ல. உடலில் எங்கோ ஓர் ஒட்டெழுத்து மாறியிருந்தால் வாளாவிருப்பதே நன்று. அதற்கொரு மன்னிப்பு மடல் எழுதுவோன், கண்ணிற் படாததைக் கைபிடித்துக் காட்டுகின்றான். நிறுவனத்தின் பெயர் மாறியிருந்தாலோ, இணைப்பை விட்டிருந்தாலோ, வேறொரு தாளை இணைத்திருந்தாலோ, அன்றே இரண்டு வரியில் திருத்த மடல் விடுக்கலாம்: முன்மடலில் இன்ன பிழை நேர்ந்தது, திருத்திய படி இத்துடன் உள்ளது, அதனையே கொள்க. அவ்வளவே. ஏன் நேர்ந்தது, எவ்வளவு வருந்துகின்றேன், எத்தனை நாள் உறங்கவில்லை என்பன வேண்டா. மூன்றாவது வகை வேறு. மதிப்பெண், படித்த ஆண்டு, முன்பு பயின்ற இடம், எழுதி வெளியான கட்டுரை ஆகியவற்றில் உண்மைக்கு மாறானது ஏறியிருந்தால், அது தனக்கு ஆக்கமாயினும் கேடாயினும், திருத்தியே ஆகவேண்டும். 6.4 என்னும் மதிப்பெண் 6.9 என்று விழுந்துவிட்டால், யாரும் பாரார் என்று விட்டுவிடுவது அன்றுவரை கைப்பிழையாயிருந்ததை அன்றுமுதல் பொய்யாக்குவதாகும். கைப்பிழையால் ஓரிடம் போகலாம். பொய் பெயரைத் தின்றுவிடும்.

இது வெறும் அறவுரையன்று; வழக்கறிஞர் உலகின் நடைமுறையே அதுதான். 2023-இல் நியூயார்க்கு மன்றமொன்றில் ஒரு வானூர்தி நிறுவனத்திற்கு எதிரான வழக்கில், செயற்கையறிவு நிரல் புனைந்த, இல்லாத தீர்ப்புகளை வழக்கறிஞர் மேற்கோளாகக் காட்டினர். மன்றம் அவர்கட்கு 5,000 அமெரிக்க வெள்ளி தண்டம் விதித்தது. நடுவர் பெரிதாக எடுத்துக்கொண்டது நிரலை நம்பியதை மட்டுமன்று. ஐயம் எழுப்பப்பட்ட பின்னும் அத்தீர்ப்புகள் உள்ளனவென்று அவர்கள் சாதித்ததையே. இங்கிலாந்தில் இளம் வழக்கறிஞர் ஒருவர், வேலை பின்தங்கிப் போனதை மறைக்க, மடல்களுக்கு முன்னாளிட்டு வைத்தார். அவர்மீது மேலிடத்து அழுத்தம் கடுமையாக இருந்தது உண்மை. ஒழுங்குத் தீர்ப்பாயமும் அதைக் கருதி இரங்கிற்று. எனினும் 2018-இல் அந்நாட்டு உயர்முறைமன்றம் அவர் பெயரைச் சுவடியினின்றே நீக்கிற்று. வேலை பின்தங்கியதற்கு அவ்வளவு பெரிய தண்டனை ஒருநாளும் வந்திராது. அந்நாட்டு வழக்கறிஞர்க்கு 2019 முதல் நடப்பிலுள்ள ஒழுக்கநெறி, தவறு நேர்ந்தால் வழக்குடையாரிடம் ஒளிவின்றி விரைந்து கூறி, இயன்றவரை சரிசெய்க என்கின்றது. வழக்கறிஞர்க்கு விதித்ததைத்தான் வழக்கறிஞராக விரும்புவோனும் மடல் எழுதும் நாளிலேயே பழகவேண்டும்.

மறுமொழி வாராமை மாணவரை மிகவும் வாட்டுகின்றது. பிழையால்தான் வாரவில்லை என்று அவர்களே முடிவு செய்துகொள்கின்றனர். பெரிய நிறுவனங்கட்கு வந்து குவியும் மடல்களுட் பல, பிழையற்றனவாயினும், இடமின்மையால் மறுமொழியின்றியே கிடக்கின்றன. தெரியாத கரணியத்தைத் தன் பிழையென்று தானே எழுதிக் கையொப்பமிடுவது, சான்றில்லாமல் குற்றத்தை ஒப்புக்கொள்வது போன்றது. அதைவிட, எந்நாளில் எந்நிறுவனத்திற்கு எழுதப்பட்டது, எவ்வடிவம் அனுப்பப்பட்டது, என்ன மறுமொழி வந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது பயன்தரும். இரண்டாவது பருவத்தில் அக்குறிப்பேடே மூத்தோரில்லாத மாணவனுக்கு மூத்தோனாகும். அவனுக்குப் பின்வரும் ஊர்ப்பிள்ளைகட்கும் ஆகும். ‘நேசனல்’ பல்கலைக்கழகத்துப் பயிற்சிக்குழு வைத்திருப்பதும் ஏறத்தாழ அத்தகைய குறிப்பேடே. அரசு சட்டக் கல்லூரி மாணவர் பத்துப்பேர் சேர்ந்து அதை உண்டாக்குவதை எச்சட்டமும் தடுக்கவில்லை.

மேலும், இருபது கிழமையையும் கண்ணாடிக் கட்டடங்களிலேயே கழிக்கவேண்டும் என்று நெறிமுறை கூறவில்லை. கூறாதது மட்டுமன்று, விசாரணை மன்றத்தைத் தவிர்க்கலாகாதென்றும் கூறுகின்றது. அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவால் உயர்முறைமன்றத்தில் ஆங்கிலமே கோலோச்சுகின்றது. தமிழையும் அங்கு வழக்காடு மொழியாக்க வேண்டித் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியும் கதவு திறக்கவில்லை. ஆனால் மாவட்ட மன்றத்திலும் வட்ட மன்றத்திலும் தமிழ் வழங்குகின்றது. அங்கே சான்று சொல்லும் மூதாட்டியின் சொல்லையும், கிரையப் பத்திரத்தின் நான்கெல்லையையும், ஊர்க்கணக்கின் புல எண்ணையும் தாய்மொழியிலேயே நேர்பார்த்துக் கற்கலாம். நான்கெல்லையில் வடக்கு தெற்காக மாறிப்போய், அதைத் திருத்த 6-ஆம் கட்டளையின்கீழ் வேண்டுகை எழுதும் வேலையை முதல் கிழமையிலேயே அங்குள்ள வழக்கறிஞர் மாணவன் கையிற் கொடுத்தாலும் கொடுப்பார். அப்பட்டறிவை ஒரு வரியில் எழுதினால் மும்பை நிறுவனத்திற்குச் செல்லும் அடுத்த மடலும் கனம்பெறும். நாள் பார்த்துப் போவது ஒன்றே கருதத்தக்கது. மே திங்களில் உரிமையியல் மன்றங்கட்குக் கோடை விடுமுறை. குற்றவியல் மன்றங்கள் நடக்கும். நிலவழக்குப் பயில விரும்புவோர் சூன் திங்களில் மன்றம் திறக்கும் கிழமைக்கே வழக்கறிஞரை நேரிற் கண்டு சொல்லி வைத்துக்கொள்ளலாம். அதற்கு மடலும் வேண்டா.